பட்டியலில் ‘செல்வி இல்லை’

தினேஷ்,

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சிரிக்காதே. வாயைத் திறந்து சொல்லலாம் என்றுதான் மூன்று நாளாக உன் பின்னாலேயே சுற்றினேன். நீயோ சார்ஜர் எங்கே, சூட்கேஸ் பூட்டு எங்கே என்று பறக்கிறாய். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரு கிளம்புகிறாய் என்பதை இந்தச் சேரப்பணஞ்சேரியில் நான் சொல்லாத ஆள் கிடையாது. கீரைக்காரம்மாவிடம் சொன்னேன், சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னேன், ஞாபகம் இல்லாமல் உன் அப்பாவிடமே இரண்டு தடவை சொன்னேன். ஆஸ்பத்திரிகளுக்கு வெப்சைட் செய்கிற கம்பெனியில் என் பிள்ளைக்கு வேலை. சொல்லும்போதே நெஞ்சு நிறைந்துவிடுகிறது, அப்புறம் பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியது சந்தோஷம் மட்டும் இல்லை. செல்விக்கு வேலை போனது உன் வெப்சைட்டால்தான் என்று இரண்டு மாதமாக நீ ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு திரிகிறாய். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சும்மா பிசைந்துகொண்டிருக்கிறாய். நான் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்தப் பாரத்தில் ஒரு பங்கு என்னுடையது, அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டால் நான் என்ன அம்மா. இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுக்கப் போகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை ஒரகடத்தில் எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் போர்டில் ஒட்டுவேன். செல்வியை நான் திட்டியது நாலு பேர் நின்றுகொண்டிருந்தபோது. ஒப்புக்கொள்வதும் நாலு பேருக்குத் தெரியட்டும்.

போர்டில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் முதலாளிக்குக் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ஒரகடத்து பிளாண்ட்களுக்கு ஷிப்டுக்கு ஆள் கொண்டுபோய் விடுவது, கூட்டிக்கொண்டு வருவது. யார் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் ‘நாளைக்கு வரேன்’, ‘நாளைக்கு வரல’ என்று வந்து கொட்டும். நடுவில் குட்மார்னிங் படங்கள், பிறந்தநாள் கேக்குகள். அதற்குள் துழாவி நான் பெயர் எழுதி டிரைவர்களுக்குப் போன் செய்வேன். படிப்பு முடித்து நீ வேலை தேடிக்கொண்டிருந்த நேரம், ஒரு நாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாமா இது, இப்டி கஷ்டப்பட்டுகினு கீற? நான் ஒண்ணு பண்ணித் தரேன்” என்றாய். மூன்றே வாரம். போனில் பெயர் பதிவு செய்தால் சீட் ரிசர்வ் ஆகும், டிரைவர் போனுக்குப் பட்டியல் போகும், என் கம்ப்யூட்டரில் பச்சை டிக் விழும். முதலாளி உன் முதுகில் தட்டினார். நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

முதல் கோளாறுக்கு நான்தான் காரணம் என்பது உனக்கு நினைவிருக்கும். மேலே நம் பஸ்ஸின் போட்டோவைப் பெரிதாகப் போடு, மாலை போட்டு நிறுத்தி எடுத்த போட்டோ, என்று அடம் பிடித்தேன். நம் வீட்டு வைஃபையில் கண்ணைக் கவரும்படி திறந்தது. ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் போனை எடுத்தபோது வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தது. வெறும் வெள்ளை. என்னிடம் வந்து, “அக்கா, உன் புள்ள பால் ஊத்தி வெச்சிகீதா?” என்று கேட்டார்கள். நீ போட்டோவை எடுத்துவிட்டாய், அப்போதும் வெள்ளைதான். அப்புறம் நீயே ஜங்ஷனில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து எனக்கு விளக்கினாய். பக்கத்தை முழுக்கப் போனுக்குள்ளேயே கட்டும்படி செய்திருந்தாயாம். கட்டுவதற்கான சாமான் மொத்தமும் வந்து இறங்கும்வரை ஒரு எழுத்துகூடத் தெரியாதாம். அதை மாற்றி, பஸ் நேரத்தையும் பதிவு செய்யும் இடத்தையும் எழுத்தாகவே முதலில் அனுப்பும்படி செய்தாய். மறுநாள் அதே ஜங்ஷனில், அதே ஓட்டைப் போன்களில், சட்டென்று திறந்தது. ஒரு பக்கம் மெதுவாகத் திறப்பதற்குப் போன் காரணம், டவர் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது எங்கோ உட்கார்ந்து ஒரு பையன் எடுத்த முடிவு என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. பத்தாவதோடு நின்றவள் நான். எனக்கு இது புரிகிறதே என்று அன்றைக்கு உன் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். அவர் பாவம், டியூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே கேட்டார்.

இனி பெயர் விஷயத்துக்கு வருகிறேன். உன் பாரத்தின் வேர் அதுதான்.

பதிவு செய்யும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் வைத்திருந்தாய். முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டையும் நிரப்பியாக வேண்டும். எங்கேயோ கிடைத்த மாதிரியிலிருந்து அப்படியே எடுத்தது என்று பிறகு சொன்னாய். நம்மூரில் யாருக்கடா கடைசிப் பெயர் இருக்கிறது? இனிஷியல்தான் இருக்கிறது. அந்த ஒரு எழுத்தைப் போட்டால் உன் கட்டம் சிவப்பாகி, குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று அதட்டும். அதனால் ஒருத்தர் தன் பெயரையே இரண்டு தடவை போட்டார். ஒருத்தர் ஊர் பெயரைப் போட்டார். ஒரு பெண் புருஷன் பெயரைப் போட்டு, அதற்கு வீட்டில் சண்டை வேறு. உன்னை வேலைக்கு எடுத்த கம்பெனியே முதல் மெயிலில் ‘அன்புள்ள கோவிந்தசாமி’ என்று உன் அப்பா பெயரில் எழுதியதே, மறந்துவிட்டாயா? அவர் செக்யூரிட்டி டிரெஸ்ஸோடு வாசலில் நின்று, “வேல எனக்குத்தான் வந்துகீது, நான் போறேன் பெங்களூரு, நீ இங்க கேட்ல நில்லு” என்று உன்னை ஓட்டினார். நாம் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நம் வீட்டுக்குள்ளேயே அந்தக் கோளாறு வந்து நின்றும் நம் வெப்சைட்டில் அதே கோளாறு இருப்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

செல்வி யார் என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. ஏரிக்கரைப் பக்கம் வீடு. இருபத்துநாலு வயது. ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்கிற பிளாண்டில் காண்டிராக்டில் எட்டு மாதமாக வேலை. ஒரு வருடம் முடித்தால் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடத்தைத்தான் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை லேட் ஆனால் காண்டிராக்டில் பெயர் அடித்துவிடுவார்கள், அதனால் பஸ் அவளுக்கு உயிர். அவள் பதிவு செய்தபோது இனிஷியலைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சிவப்பு வந்திருக்கிறது. கடைசிப் பெயர் என்று கேட்கிறது, நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே என்று நேர்மையாக ‘இல்லை’ என்று போட்டுவிட்டாள். சரியாக மூன்று எழுத்து. உன் கட்டம் பச்சையாகிவிட்டது. அவள் மாதிரியே ‘இல்லை’ போட்டவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

முதல் தடவை பஸ்ஸைத் தவறவிட்டபோது அவள் மத்தியானம் என் மேஜைக்கு வந்தாள். இதுதான் உனக்குத் தெரியாத இடம். “அக்கா, நான் புக் பண்ணிகீறேன், ஆனா டிரைவர் அண்ணன் எனக்கு சீட் இல்லன்னுட்டாரு. படப்பையிலயே வேற ஆளை ஏத்திகினு வந்துட்டாரு” என்றாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். என் பக்கத்தில் முதல் பெயர் மட்டும்தான் தெரியும். செல்வி, பச்சை டிக். அவளுடைய போனிலும் ‘செல்வி, உங்கள் சீட் பதிவாகிவிட்டது’ என்றுதான் இருந்தது. “இங்க எல்லாம் கரெக்டா கீதும்மா. நீ லேட்டா வந்து நின்னிருப்ப” என்றேன். அவள் போய்விட்டாள். அன்றைக்கு உனக்கு மறுநாள் இண்டர்வியூ. இதைச் சொன்னால் நீ படிப்பதை விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவாய் என்று சொல்லவில்லை. அதை மன்னிக்கலாம் என்று நானே என்னை மன்னித்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவையை மன்னிக்க முடியாது. பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். ஆபீஸில் இரண்டு டிரைவர்களும் மூன்று நாலு பெண்களும் இருந்தார்கள். “அக்கா, அந்த வெப்சைட்டுல ஏதோ தப்பு கீது. உன் புள்ளய ஒரு தடவ பாக்கச் சொல்லுக்கா” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. என் பிள்ளை செய்ததில் தப்பு என்று என் மேஜையிலேயே வந்து சொல்கிறாளே என்று. “பெரிய படிப்பு படிச்சவன் செஞ்சது தப்பு, அஞ்சு மணிக்கு எழுந்திருக்கத் தெரியாத நீ கரெக்டா? வூட்டுல அலாரம் வெச்சிக்கோ” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அன்று மாலை நீ, “இன்னாமா, யாராச்சும் கம்ப்ளைண்ட் சொன்னாங்களா?” என்று கேட்டாய். ஒவ்வொரு நாளும் கேட்பாய். நான், “ஒண்ணும் இல்லடா, எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க” என்றேன். அந்தப் பொய்யை இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

மூன்றாம் தடவை அவள் என்னிடம் வரவே இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறாள், இருபது நிமிஷம் லேட். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது தெரிந்தது மேரி சொல்லித்தான். மேரி அதே பிளாண்டில் பேக்கிங்கில் இருப்பவள்.

நானே லைனில் நின்றவள் என்பதை நீ அறிவாய். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், வண்டிகளுக்குள் போகும் வயர் கட்டு செய்கிற பிளாண்டில் இருந்தேன். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாக்கெட். இரண்டும் ஒரே அச்சு, எந்த பிளக்கை எதில் செருகினாலும் கச்சிதமாகப் போய் உட்காரும். நாளைக்கு நாலு கட்டாவது மாறிப் போகும். சூப்பர்வைசர் எங்களைக் கிழிப்பார். கவனம் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார், மாற்றிச் செருகியவர்களை வரிசைக்கு முன்னால் நிறுத்தி வைத்தார். நானும் ஒரு நாள் நின்றேன். இரண்டு மாதம் இந்தக் கூத்து. அப்புறம் குவாலிட்டியில் இருந்த ஒரு எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, ஒரு சாக்கெட்டின் ஓரத்தில் சின்ன மேடும் அதன் பிளக்கில் அதற்கேற்ற பள்ளமும் வரும்படி அச்சை மாற்றச் சொன்னார். அதற்கப்புறம் தப்பான பிளக் உள்ளே போகவே போகாது. அன்றோடு தப்பு நின்றது. நாங்கள் அதே ஆட்கள்தான், அதே தூக்கக் கலக்கம்தான். அன்றைக்கு வரிசைக்கு முன்னால் தலை குனிந்து நின்றவள், இன்றைக்கு மேஜைக்கு இந்தப் பக்கம் வந்ததும் செல்வியிடம் அலாரம் வைத்துக்கொள் என்றேன். நாற்காலி மாறினால் புத்தியும் மாறிவிடும் போலிருக்கிறது.

உண்மை வெளியே வந்த காலையைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். செல்விக்கு வேலை போய் நாலாம் நாள். இரண்டு ரூட்டை ஒன்றாகச் சேர்த்திருந்ததால் ஆள் ஏற்றுவதைப் பார்க்க நானே பஸ்ஸில் போனேன். டிரைவர் பழனி மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தான். போனை என்னிடம் நீட்டி, “லிஸ்ட்ட நீ படிக்கா. முழுக்க வாணாம், யாரு யாரு இல்லன்னு மட்டும் சொல்லு, அது போதும்” என்றான்.

“இல்லன்னு எனக்கு எப்டிடா தெரியும்? ரத்து பண்ணவங்க பேரு லிஸ்ட்லயே வராதே” என்றேன்.

“வரும்க்கா. பேருக்குப் பக்கத்துலயே இல்லைன்னு போட்டுகீது பாரு. உன் புள்ள நல்லா ரோசனை பண்ணி வெச்சிகீது. அதப் பாத்துதான் காலி சீட்டுல வேற ஆளு ஏத்துவேன்.”

நான் பட்டியலைப் பார்த்தேன். தனலட்சுமி இல்லை. மேரி இல்லை. மேரி என் பின் சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். “ஏய் மேரி, நீ இல்லியாமே” என்றேன். “இந்த அண்ணன் ஓட்ற நாளெல்லாம் இப்டித்தான்க்கா சொல்லும். சீட் காலியா இருந்தா திட்டிகினே ஏத்திக்கும்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. சிரித்துக்கொண்டே கட்டை விரலால் கீழே தள்ளினேன். பட்டியலில் நம் ஊர் நிறுத்தம் வந்தது. வேலை போனவள் அந்த வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தாள், அது இன்னும் ரத்தாகாமல் இருந்தது. ‘செல்வி இல்லை’. ஒரகடம் வந்ததும் முதல் ஆளாக இறங்கினேன்.

அங்கிருந்துதான் உனக்குப் போன் செய்தேன். நீ வந்ததும், பார்த்ததும், முகம் வெளுத்ததும் எல்லாம் தெரிந்த கதை. அந்தக் கட்டத்தைத் திரையிலிருந்து மறைத்துவிடு, வேலை முடிந்தது என்று நான் சொன்னேன். அது ஆகாது என்று நீ தலையை ஆட்டினாய். “மேல மறைச்சா பத்தாதுமா. அடியில பேர ரெண்டாப் பிரிச்சுத்தான் சேத்து வைக்கிற மாதிரி கட்டிட்டேன். ரெண்டாவது பாதி காலியா இருக்கக் கூடாதுன்னு அங்கயே பூட்டு போட்டு வெச்சிகீறேன். டிரைவர் லிஸ்ட்டு, பஸ் பாஸு, தேடற இடம், எல்லாம் அது மேலதான் நிக்குது” என்றாய். ஒரு வாரம் நீ அதைப் பிரித்துக் கட்டினாய். பெயருக்கு ஒரே கட்டம். அதன் மேலே ‘உங்களை பஸ்ஸில் எப்படிக் கூப்பிட வேண்டும்?’ என்று ஒரு கேள்வி. இனிஷியல் முன்னால் போடலாம், பின்னால் போடலாம், போடாமலும் விடலாம். டிரைவர் பட்டியலில் ‘வருகிறார்’, ‘ரத்து’ என்று பெயரிலிருந்து தள்ளித் தனியாக நிறத்தோடு ஒரு பத்தி. என் கம்ப்யூட்டரிலும் டிரைவர் போனிலும் ஒரே பட்டியல். இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை ஆழத்தில் தோண்ட வேண்டியிருந்ததைப் பார்த்து எனக்குப் பயமும் வந்தது, சொல்ல முடியாத உற்சாகமும் வந்தது. யார் யாரோ பஸ் ஏறுவதும் ஏறாமல் நிற்பதும் இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிவாகிறது, அந்த இடத்தில் என் பிள்ளை கை வைத்து வேலை செய்கிறான். இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது.

ஆனால் நீ உற்சாகமாக இல்லை. “ஒருத்தர் கூட சொல்லலியேமா. மொதல் தடவையே யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா செல்விக்கு வேல போயிருக்காது” என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னாளடா. முதல் தடவையே சொன்னாள், இரண்டாம் தடவையும் சொன்னாள். உன்னிடம் வந்து சேரவில்லை. நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். தப்பான கட்டம் போட்டது நீ. அது தப்பு என்று முதலிலேயே தெரிந்துகொள்ளும் வாய்ப்பை உன்னிடமிருந்து பறித்தது நான். இரண்டும் சேர்ந்துதான் அவள் வேலை போனது.

ஆஸ்பத்திரி வெப்சைட் செய்யப் போகிறாய். அங்கே ஒரு கட்டம் தப்பானால் பஸ் தவறுவதோடு நிற்காது. கட்டங்களைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆட்களைப் பற்றிச் சொல்ல முடியும். உன் வேலையை ரசிக்கிறவர்கள் உன் பக்கத்தில் இருப்பார்கள், உன் மேனேஜர் இருப்பார், உன்னைப் பிடித்தவர்கள் இருப்பார்கள். உன் மனசு நோகக் கூடாது என்று அவர்கள் உன்னிடம் வரும் குறையைத் தங்கள் கையிலேயே மடித்து வைத்துக்கொள்வார்கள். நல்லவர்கள்தான், உன்னைப் பெற்றவளே அதைச் செய்தாள். எல்லாரும் சூப்பர் என்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அந்த நாளே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நில். சீட்டுக் கொடுக்கிற இடத்தில் பதில் சொல்லத் தெரியாமல் யார் முகம் சுருங்குகிறது என்று பார். ஜங்ஷனில் போய் நின்றாயே, அந்த மாதிரி. அப்புறம் எங்கே குறை சொல்ல வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே வை. அது உன்னிடமே வரட்டும், உன் அம்மா மாதிரி ஒருத்தி வழியாக வேண்டாம்.

போன வாரம் செல்வி வீட்டுக்குப் போனேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவள் உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். பிறகு, “எனக்கு சொல்ட்ட, சரி. உன் புள்ளைக்கு சொன்னியா? அது தன்னாலதான் எல்லாம் கெட்டுச்சின்னு நெனச்சினு கீதாம், மேரி சொல்லிச்சி” என்றாள். இல்லை என்றேன். “அப்ப மொதல்ல அத போய் சொல்லு” என்றாள். மறுநாள் நானும் முதலாளியும் பழைய பட்டியல்களை எடுத்துக்கொண்டு அவள் காண்டிராக்டரிடம் போனோம். பழனியும் வந்து, “நான்தான் சார் ஏத்தல, லிஸ்ட்ட தப்பாப் படிச்சிட்டேன்” என்று சாட்சி சொன்னான். அவர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல், பிளாண்டில் பேசிப் பார்க்கிறேன் என்றார். நேற்று செல்விக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை அதே லைனில் சேரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் புது ஆளாகத்தான் சேர வேண்டுமாம், ஒரு வருடம் முதல் நாளிலிருந்து தொடங்குமாம். எட்டு மாதம் போனது போனதுதான். அதை நீயும் நானும் எந்த வெப்சைட் செய்தும் திருப்பிக் கொடுக்க முடியாது. அது தெரிந்தே நீ கிளம்ப வேண்டும் என்றுதான் எழுதினேன்.

இன்று மத்தியானம் அவள் என் மேஜைக்கு வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. திங்கட்கிழமைக்குச் சீட் புக் செய்துவிட்டாளாம். “நல்லா வருதுக்கா. ஆனா ஒண்ணு. புக் பண்ற பட்டனும் ரத்து பண்ற பட்டனும் ஒட்டி ஒட்டி வெச்சிகீது. எட்டு மணி நேரம் கிளவுஸ் போட்டு வேல செஞ்சிட்டு வந்தா வெரலு மரத்துப் போயிருக்கும். ஒண்ண அமுக்கினா இன்னொண்ணுல படுது. உன் புள்ளைக்கு இது தெரியுமா தெரியாதா?” என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குறை சொல்கிறாளடா. திட்டு வாங்கிக்கொண்டு ‘சரிக்கா’ என்று போனவள், திரும்பவும் வந்து குறை சொல்கிறாள். அவனிடம் நான் சொல்கிறேன் என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஒரு தாளைக் கிழித்து உன் நம்பரை எழுதிக் கொடுத்து, நீயே பேசு என்றேன்.

அவள் போன் வரும். எடு.

உன் அம்மா